பெருமாள் சாய்ந்த பக்கம்

சிட்லபாக்கத்தில் எங்கள் காலனிக்கென்று ஒரு சின்னப் பெருமாள் கோயில் இருக்கிறது. திருநீர்மலை மாதிரி மலையும் படியும் எல்லாம் கிடையாது. ஒரு கிரவுண்டு நிலம், நாலு தூண், வழுக்குகிற கிரானைட் தரை, அவ்வளவுதான். பெருமாளும் சின்னவர். வீதியுலா வரும் உற்சவர் ஒன்றரை அடி உயரம் இருப்பார். அவரைப் பல்லக்கோடு தூக்க நாலு பேர் போதும். அந்த நாலு பேரில் நான் முன்வரிசை, இடது தோள். இருபத்திரண்டு வருஷமாக அது என் இடம். ஆபீஸில் எனக்குக் கிடைத்த எந்த நாற்காலியையும் நான் இவ்வளவு இறுக்கிப் பிடித்துக்கொண்டதில்லை.

முன்வரிசை வலது தோள் என் மச்சான், மனைவியின் தம்பி. பக்கத்துத் தெருவில் வீடு.

சாமி தூக்கப் பக்தி வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பக்தி அப்புறம். முதலில் உயரம் வேண்டும். பல்லக்குக்கு இரண்டு பக்கமும் இரண்டு தண்டு. முன்னால் தோள் கொடுக்கிற இருவரும் ஒரே உயரம் இருக்க வேண்டும், பின்னால் இருவரும் ஒரே உயரம். ஒருத்தர் கொஞ்சம் குட்டையானாலும் பெருமாள் ஒருக்களித்துக்கொண்டு தெருவைப் பார்ப்பார். நானும் மச்சானும் ஐந்தடி ஏழு அங்குலம். என் கல்யாணத்தின்போது தாம்பரம் மார்க்கெட் டெய்லர் அவனுக்கு மட்டும் அளவெடுத்துவிட்டு இரண்டு பேருக்கும் சட்டை தைத்துவிட்டார். இரண்டும் கச்சிதமாக இருந்தன. அப்படி ஒரு ஜோடி நாங்கள். எங்கள் தோளில் பெருமாள் தராசு முள் மாதிரி நேராக நின்று வருவார்.

ஒரு புரட்டாசி சனிக்கிழமை அது மாறியது. இரண்டாவது தெருவில் திரும்பும்போது கோயில் பட்டர் பல்லக்கைப் பார்த்துக் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஸ்வாமி, பெருமாள் இன்னிக்கு உம்ம பக்கமே சாஞ்சிண்டு சேவை சாதிக்கறார். என்ன பாக்கியம்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன்னால் போகிறவனுக்குப் பெருமாள் முதுகுப் பக்கம், பார்க்க முடியாது. ஆனால் தெருவில் நின்ற பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். மாலைகூட இடது பக்கமாக நழுவியிருந்ததாம். வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற என் மனைவி அன்று சாயங்காலத்துக்குள் காலனியின் ஐந்து தெருவுக்கும் செய்தியைக் கொண்டுசேர்த்துவிட்டாள். வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தது. நிஜமாகவே சாய்ந்துதான் இருந்தார்.

நான் சும்மா இருக்கிற ஆளா? ஒரு வாரம் முழுக்க மச்சானை வாட்டியெடுத்தேன்.

"உன் பக்கம் ஏன் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறார் தெரியுமா? புரட்டாசில யாருக்கும் தெரியாம ஆம்லெட் சாப்பிட்டா அப்படித்தான்."

அவன் சிரித்தான். ஆனால் என் தோளையே கொஞ்ச நேரம் பார்த்தான். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

பதில் சொன்னது தெருமுனையில் பூ விற்கிற அம்மாதான். உற்சவ மாலை அவள் கட்டுவதுதான். அவளிடமும் பெருமையடித்துக்கொள்ளப் போனேன்.

"சாமி எங்க சார் சாயுது?" என்றாள், நாரைப் பல்லில் கடித்தபடி. "நீதான் எறங்கிக்கினு போற. நான் வருஷக்கணக்கா பாத்துகினு கீறேன். உன் தோளு முன்ன மாதிரி இல்ல."

பூவை முழம் போடுகிற கை தோளையும் முழம் போடப் பார்க்கிறது என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். கோபத்தில் அன்று வீட்டுக்குப் பூகூட வாங்கவில்லை.

பிறகு வைகுண்ட ஏகாதசி வந்தது. ஒரு மாதம் முன்பிருந்தே நான் தயாராகிவிட்டேன். ஆபீஸ் கேன்டீன் வெங்காய போண்டாவைத் துறந்தேன். புது வேட்டி எடுத்தேன். அன்று தோள் கொடுத்துத் தெருவில் இறங்கினால், பெருமாள் நேராக நிற்கிறார். நூல் பிடித்தாற்போல நேராக. பட்டர் ஒன்றும் சொல்லவில்லை, தெருவும் ஒன்றும் சொல்லவில்லை. நான் செய்த பாவம் என்ன என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்குக் கூடம் நேராக இருந்ததே குறையாகப் பட்டது. மச்சானிடம் புலம்பினேன்.

"ரோடு புதுசா போட்டிருக்காங்க இல்ல மச்சான், அதான்," என்றான்.

அதற்குள் முதுகு வலி ஆரம்பித்திருந்தது. ஆரம்பித்திருந்தது என்பதைவிட, போகவே இல்லை என்பது சரி. புரட்டாசிக்கு முன்னாலேயே, ஆடி மாதத்தில் ஒருநாள் இருபது லிட்டர் தண்ணீர் கேனை ஸ்டாண்டில் ஏற்றும்போது நடு முதுகில் மளுக்கென்றது. தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தேன், பத்து நாளில் எழுந்துவிட்டேன். உள்ளுக்குள் இருந்துகொண்டே இருந்த வலி பொங்கலுக்கு அப்புறம் அதிகமானது. வாயுப் பிடிப்பு, சுடுதண்ணி ஒத்தடம் கொடுத்தால் சரியாகும் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, நானே தனியாக மேற்குத் தாம்பரத்தில் ஓர் எலும்பு டாக்டரிடம் போனேன்.

உள்ளே விடுவதற்கு முன்னால் நர்ஸ் சுவரோரம் நிற்க வைத்து உயரம் பார்த்தாள்.

"நூத்தி அறுபத்தஞ்சு."

"நூத்தி எழுபதும்மா. ஐந்தடி ஏழு."

"நூத்தி அறுபத்தஞ்சு சார்."

"செருப்பைக் கழட்டிட்டேனே, அதான் கொறையுது."

"கொறையட்டும்னுதான் சார் கழட்டச் சொல்றதே."

தான் பிடித்த முயலுக்கு மூணு கால் என்று நான் நின்றேன். மூன்று தடவை அளக்க வைத்தேன். மூன்றாவது தடவை நுனிக்காலில் கொஞ்சம் எம்பியும் பார்த்தேன், அவள் என் குதிகாலைச் செருப்பு முனையால் தட்டி இறக்கினாள். உங்கள் அளவுகோலில் ஏதோ கோளாறு என்றேன்.

"இது வெயிட் மெஷின் இல்ல சார். வெறும் குச்சி. குச்சிக்கெல்லாம் ரிப்பேர் வராது," என்றாள். காத்திருந்த நோயாளிகள் அத்தனை பேரும், காலில் கட்டுப் போட்டிருந்தவர் உட்பட, சிரித்தார்கள்.

டாக்டர் சின்னப் பெண். அங்கேயே எடுத்த என் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தாள்.

"எப்போ சார் விழுந்தீங்க?"

"விழவே இல்லையே."

"முதுகெலும்புல மூணு கட்டை நசுங்கியிருக்கு. பழைய முறிவு." பேனாவால் காட்டினாள். மேலேயும் கீழேயும் இருந்தவை நல்ல இட்லி மாதிரி இருந்தன. நடுவில் மூன்று மட்டும் மாவு புளிக்காத நாளில் வார்த்தது போல உட்கார்ந்திருந்தன.

"விழாம எப்படி டாக்டர் ஒடையும்?"

"எலும்பு பலமில்லாம போச்சுன்னா, குனிஞ்சு ஒரு பக்கெட் தூக்கினாக்கூடப் போதும். நெறைய பேருக்கு ஒடைஞ்சதே தெரியாது. உயரம் கொறையும், முதுகு லேசா வளையும், அவ்வளவுதான்."

"இது லேடீஸுக்கு வர்றது இல்லையா?"

"எலும்புக்கு அதெல்லாம் தெரியாது சார். வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். எனக்கு வீசிங் உண்டு. எப்போதோ ஒரு டாக்டர் ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்த சின்ன வெள்ளை மாத்திரை, கைமேல் பலன். அதற்கப்புறம் மூச்சு இழுக்கும்போதெல்லாம் மருந்துக் கடையில் போய் "வழக்கமானது" என்பேன், கொடுத்துவிடுவார்கள். அப்படிப் பல வருஷம். மாத்திரை அட்டையைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஸ்டீராய்ட் சார் இது. வருஷக்கணக்கா சாப்பிட்டா எலும்பை அரிச்சிடும். அதுக்காக இன்னிக்கே நிறுத்திடாதீங்க, அதுவும் ஆபத்து. நான் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கணும்."

"போன ரெண்டு இன்ச் திரும்ப வருமா?"

"வராது. இருக்கறதைக் காப்பாத்தலாம்."

"கம்பியில தொங்கினா?"

"கை வலிக்கும்."

எலும்பு அடர்த்தி பார்க்கும் ஸ்கேன், ரத்தத்தில் வைட்டமின் டி, கால்சியம், காலை வெயில், தினமும் நடை என்று ஒரு தாள் முழுக்க எழுதினாள். கடைசி வரியை இரண்டு முறை அடிக்கோடிட்டாள்: கனமான எதையும் தூக்கக் கூடாது. தூக்கினால் அடுத்த கட்டையும் நசுங்கலாம். பெருமாள் கனமா என்று நான் கேட்கவில்லை. பதில் தெரிந்த கேள்வியைக் கேட்க நான் என்ன மடையனா?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதுகெலும்பு நசுங்கியதைவிட, அந்த இடம் போய்விடுமே என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஆபீஸில் என் பெயர் தெரியாமலேயே எனக்குக் குட்மார்னிங் சொல்கிறவர்கள் உண்டு. வீட்டில் நான் கேட்டு டிவி சேனல் மாறியதில்லை. வருஷத்தில் ஏழெட்டு நாள்தான், தெரு முழுக்கக் கைகூப்பி நிற்க, நடுவில் நான் நடந்து வருவேன். கும்பிடு பெருமாளுக்குத்தான். ஆனால் வழியில் நான் இருந்தேன். அதை விட எனக்கு மனசில்லை. அதனால் யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட.

மறைப்பது சுலபமாக இல்லை. எலும்புக்கென்று வாரம் ஒரு மாத்திரை. வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரைமணி நேரம் சாப்பிடாமல், படுக்காமல், முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நான் பால்கனியில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த மனைவி, நான் தியானம் ஆரம்பித்துவிட்டதாக முடிவு செய்தாள். பெருமாள் சாய்ந்த மனுஷனுக்கு இது இயல்புதானே. அந்த அரைமணிக்கு மிக்ஸியைக்கூடப் போடாமல் மரியாதை கொடுத்தாள்.

டாக்டர் சொன்னதையும் மீறி ஏரிக்கரைப் பூங்காவில் கம்பியிலும் ஒருநாள் தொங்கிப் பார்த்தேன். அங்கே போலீஸ் தேர்வுக்குத் தயாராகிற இளைஞர்கள் அரை சென்டிமீட்டர் உயரத்துக்காகத் தினமும் தொங்குவார்கள். நடுவில் நான் எட்டு விநாடி தொங்கினேன். "அங்கிள், நீங்க எந்தப் போஸ்ட்டுக்கு?" என்று ஒரு பெண் அக்கறையாகக் கேட்டாள். இறங்கி வந்துவிட்டேன். டாக்டர் சொன்னது சரி, கைதான் வலித்தது.

ராமநவமி நெருங்கியது. என் மூளை வேலை செய்தது. போனது இரண்டு அங்குலம். அந்த இரண்டு அங்குலத்தைத் தோளின் மேல் வைத்துவிட்டால்? வீட்டிலிருந்த தடித்த டர்க்கி டவலை மடித்துப் பார்த்தேன். பழைய ஸ்கேலை வைத்து அளந்தேன். எட்டாய் மடித்து அழுத்தினால் சரியாக இரண்டு அங்குலம். அதைத் தோளில் வைத்து மேலே அங்கவஸ்திரத்தைச் சுற்றிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த திருப்தி.

"என்ன ஸ்வாமி தோள்ல பெரிய மூட்டை?" என்றார் பட்டர்.

"கழுத்து சுளுக்கு ஸ்வாமி."

சாயங்காலம் ஆறு மணிக்குப் புறப்பாடு. தண்டு தோளில் ஏறியதும் நடு முதுகில் ஒரு குத்து. பல்லைக் கடித்துக்கொண்டேன். நாதஸ்வரம் முன்னே போனது, நாங்கள் பின்னே நடந்தோம். இன்று பெருமாள் நேராக நிற்பார், யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை என்று எண்ணியபடி முதல் தெருவைக் கடந்தேன். இரண்டாவது தெருத் திருப்பத்தில் பட்டரின் குரல் கேட்டது.

"ஆஹா! இந்தத் தடவை வலது பக்கமா சேவை சாதிக்கறாரே!"

வலது பக்கமா? மாலை அந்தப் பக்கம் நழுவிவிட்டது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். "இந்த வருஷம் மச்சானுக்கு" என்று யாரோ சிரித்தார்கள். எனக்குக் கணக்கு உதைத்தது. இரண்டு அங்குலம் போயிற்று, இரண்டு அங்குலம் வைத்தாயிற்று. கழித்துக் கூட்டினால் சமம்தானே வர வேண்டும். யாரோ எங்கேயோ இரண்டு அங்குலத்தைத் திருடியிருக்கிறார்கள்.

தண்டைத் தாங்கிக்கொண்டு கழுத்தைத் திருப்ப முடியாது. கண்ணை மட்டும் பக்கவாட்டில் ஓட்டினேன். மச்சானின் முகம் வியர்வையில் நனைந்திருந்தது. வேட்டிக்குள் அவன் இரண்டு முட்டியும் மடங்கியிருந்தன. பஸ்ஸில் சீட்டில் உட்காரப் போனவனை யாரோ பாதியில் நிறுத்தி வைத்தது போல, அந்த மடங்கிய நிலையிலேயே அவன் நடந்துகொண்டிருந்தான். ஒவ்வோர் அடிக்கும் கெண்டைக்கால் நடுங்கியது.

தெருமுனையில் ஆரத்திக்காகப் பல்லக்கைத் தாங்குகட்டைகளில் இறக்கினோம். பூக்கார அம்மா நழுவிய மாலையைச் சரிசெய்ய வந்தாள். மச்சானை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்த சார் இன்னாத்துக்கு முட்டிய மடிச்சிகினே நடக்கறாரு? ஏகாதசிக்கும் இப்டித்தான் போனாரு. பேஜார் புடிச்ச நடை."

அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. ஏகாதசி அன்று பெருமாள் நேராக நின்றது புது ரோட்டினால் அல்ல. மச்சானைப் பல்லக்குக்கு இந்தப் பக்கம் இழுத்தேன்.

"எதுக்குடா?"

அவன் முட்டியைத் தேய்த்துக்கொண்டே தலையைக் குனிந்தான். "புரட்டாசிலயே பாத்துட்டேன் மச்சான். நீங்க கொறஞ்சிட்டீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா நீங்க ஊரெல்லாம் பெருமாள் என் பக்கம் சாயறார்னு சந்தோஷமா சொல்லிக்கிட்டு இருக்கீங்க. எப்படிச் சொல்றது?"

"அதுக்கு?"

"திரும்பத் திரும்ப சாஞ்சா யாராவது ஆளை மாத்துங்கன்னுடுவாங்க இல்ல? நீங்க தாங்க மாட்டீங்க. அதான் நானும் கொஞ்சம் எறங்கிக்கிட்டேன்."

"முட்டி என்னத்துக்கு ஆகும்?"

"அது கெடக்கு விடுங்க. ரெண்டு தடவைதானே. ஊசி போட்டா சரியாயிடுதுங்கறார் டாக்டர்."

ஊசி வேறு போட்டுக்கொண்டிருக்கிறான். அவனை ஆம்லெட் என்று கேலி செய்தவன் நான். என் இடம், என் இடம் என்று நான் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்ததை இத்தனை நாளும் அவன் முட்டி தாங்கியிருக்கிறது. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு முன்னால் இரண்டு அங்குலம் போன வெட்கம் ஒன்றுமே இல்லை.

"தோள் கொடுங்கோ ஸ்வாமி, நாழியாறது," என்றார் பட்டர்.

நான் அங்கவஸ்திரத்தைக் கழற்றினேன். டர்க்கி டவலை உருவி எடுத்தேன். தெருவே பார்த்தது.

"ஆளை மாத்துங்க ஸ்வாமி. எனக்கு முதுகெலும்பு மூணு நசுங்கியிருக்கு. ரெண்டு இன்ச் கொறஞ்சிட்டேன். தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியும் திருட்டுத்தனமா தூக்கறேன். பெருமாள் எந்தப் பக்கமும் சாயல. நாங்கதான் சாய்ச்சோம்."

நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்தார். அப்புறம் பிடித்துக்கொண்டார்கள். ஏதோ நான்தான் எலும்பு டாக்டர் என்பது போல ஆளாளுக்குக் கேள்வி.

"பால் குடிக்கறதில்லையா சார் நீங்க?"

"கேழ்வரகுல இருக்காமே கால்சியம்?"

"எனக்குங்கூட முதுகு கூன் விழுது, இதுதானா அது?"

"மாடியில வத்தல் காயப் போடற வெயில் போதுமா?"

"என் பொண்ணு எட்டாவதுலேருந்து வளரவே இல்ல சார், அந்த டாக்டர் நம்பர் இருக்கா?"

நாதஸ்வரக்காரர் வாத்தியத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தன் கழுத்தெலும்பைத் தடவிக் காட்டினார். எல்லாக் கேள்விக்கும் மேலே என் மனைவியின் குரல்:

"அப்போ ஞாயித்துக்கிழமை தியானம்?"

"மாத்திரை," என்றேன். அவள் பார்த்த பார்வையில் இன்னும் அரை அங்குலம் போயிருக்கும். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் கையிலிருந்த டவலைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பெருமாள் நடுத்தெருவுல காத்துண்டிருக்கார், எலும்பைக் கோயில்ல போய்ப் பேசிக்கலாம்," என்று பட்டர் கத்தினார். யாரை நிறுத்துவது என்று அவர் திணறியபோது பூக்கார அம்மா கூட்டத்தை ஒருமுறை கண்ணால் அளந்தாள்.

"தோ, அந்தக் கண்ணாடி போட்ட சாரு. சரியா கீறாரு."

மூன்றாவது தெருக் கணக்கு வாத்தியார். பத்து வருஷமாக ஒவ்வோர் உற்சவத்துக்கும் தோளில் துண்டோடு வந்து, யாரும் கூப்பிடாமல் திரும்பிப் போனவர். ஓடி வந்து என் இடத்தில் நின்றார். ஒரு நொடி வலித்தது. பொய் சொல்ல மாட்டேன், முதுகில் இல்லை.

நான் விலகிப் பல்லக்குக்கு முன்னால் போய், மற்றவர்களோடு தெரு ஓரத்தில் நின்றேன். நால்வரும் தோள் கொடுத்தார்கள். மச்சான் பழக்கத்தில் முட்டியை மடித்துக்கொண்டே எழுந்தான். பெருமாள் அவன் பக்கம் சரிந்தார்.

"நிமிந்து நில்லுடா மச்சான்," என்றேன்.

அவன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு மெதுவாக, முனகிக்கொண்டே, இரண்டு முட்டியையும் நேராக்கினான். மாலை நடு மார்புக்கு வந்தது. தெருவில் எல்லோரும் பெருமாளைப் பார்த்துக் கைகூப்பினார்கள். நானும் கூப்பினேன். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது மச்சானை. அவன் எனக்கு நேரே வந்தபோது, அவன் முகத்தைப் பார்க்க நான் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.